பந்தைத் தொடாத மாப்பிள்ளை

வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்த மாப்பிள்ளையின் தோள் அகலத்தைப் பார்த்ததும், மேனாம்பேடு ஊரே தன் கைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது ஜெகதீசனுக்கு. அமெரிக்காவில் ஃபுட்பால் ஆடிய கிரண் தன் மகளைப் பெண் பார்க்க வருகிறான் என்று ஒரு வாரமாகத் தெருவில் ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை.

மகள் தாட்சாயிணி காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். கொஞ்ச நாள் பேசிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று காலையில் கெஞ்சியிருந்தாள். வந்த சம்பந்தத்தைக் கெடுத்துவிடாதே என்று ஜெகதீசன் அவள் வாயை அடைத்திருந்தார்.

"இதுவரிக்கும் எத்தினி கோல் போட்டுக்கீறீங்க மாப்ள?"

கிரண் சிரித்தான். "அங்க ஃபுட்பால்னா வேற ஆட்டம் அங்கிள். பந்து என்கிட்ட வரவே வராது. எதிர்ல ஓடி வர்றவனைத் தலையால மோதித் தடுக்கிறதுதான் என் வேலை. ஏழு வருஷம் மோதினேன்."

மோதுவதற்குக் கோடியில் சம்பளமா என்று ஜெகதீசன் வாயைப் பிளந்தார். ஆவடித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் தேய்ந்த தன் மீதே அவருக்கு எரிச்சல் வந்தது.

முப்பது வயதில் எதற்கு ரிட்டயர்மென்ட் என்று கேட்டார். டாக்டர் போதும் என்று சொல்லிவிட்டதாக, மகனை முந்திக்கொண்டு அம்மா சுலோசனா பதில் சொன்னாள். முழங்கால் வலியாக இருக்கும், தைலம் தேய்த்தால் போய்விடும் என்று ஜெகதீசன் தாமாகவே முடிவுகட்டினார். பென்ஷன் உண்டா என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி. உண்டாம். அதற்குமேல் விசாரிக்க அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

காலி டம்ளரைக் கீழே வைத்த கிரண், சற்று நேரம் கழித்து, "காபி கிடைக்குமா?" என்றான்.

தாட்சாயிணி இன்னொரு டம்ளர் கொண்டுவந்து கொடுத்தாள். மகளின் கைப்பக்குவம் மாப்பிள்ளையை மயக்கிவிட்டது என்று ஜெகதீசன் பூரித்துப்போனார்.

இந்த மாதமே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சுலோசனா அவசரப்படுத்தினாள். தாட்சாயிணி அப்பாவுக்குக் கண்ணால் ஏதோ ஜாடை காட்டினாள். அவர் பார்க்காத மாதிரி தாம்பூலத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"தட்ட மாத்திக்கலாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க மாப்ள, பொண்ணப் புடிச்சிகீதா?"

தாட்சாயிணி எதிரேயே உட்கார்ந்திருந்தாள். கிரண் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தான்.

"பொண்ணு எப்ப வருவாங்க அங்கிள்?"