ஜும்ஆ நேரத்துப் பதில்

துறைமுகத்துக்கு எதிரே இருந்த அந்தக் கப்பல் ஏஜென்சியில் இரண்டே பேர்தான். வெள்ளிதோறும் இல்யாஸ் அண்ணன் தொழுகைக்குப் போகும் நேரத்தில் மெயிலுக்குத் தானாகப் பதில் போகும்படி ஐஸ்வர்யாதான் செய்துவைத்தாள். அவர் பேசுகிறபடியே எழுதினாள்: "ஜும்ஆவுக்குப் போயிருக்கேன். சாப்பிட்டுட்டு வந்துருவேன்."

அவர் மாரடைப்பில் இறந்த பிறகும் அதை நிறுத்த மனம் வரவில்லை. பக்கத்தில் அவர் நாற்காலி வெறுமையாக இருக்க வேண்டாமென்று தன் கைப்பையை அதில் வைத்தாள். வெள்ளி மதியம் அவருக்கு ஒரு வெற்று மெயில் அனுப்பி, பதில் வந்ததும் டிபன் பாக்ஸைத் திறப்பாள்.

ஒருநாள் உப்பு ஏற்றுமதி செய்யும் அண்ணாச்சி போன் செய்தார். "ஏம்மா, இல்யாஸ் வந்துருவேன்னு இன்னும் பதில் வருதே. அவன் பொண்டாட்டி பாத்தா நெஞ்சு தாங்குமா? எடுத்துரும்மா."

அன்றே சர்வரிலிருந்து இல்யாஸ் அண்ணனின் மெயில் கணக்கை அழித்தாள்.

அடுத்த வெள்ளி, பழக்கத்தில் கை மெயிலை அனுப்பிவிட்டது. அப்படியொரு முகவரி இல்லையென்று திரும்பி வரும் என நினைத்தாள். வரவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது பதில் இருந்தது.

"வந்துட்டேன்."

ஐஸ்வர்யா திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி, பக்கத்து நாற்காலியிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டாள்.