ரெண்டு கிளாவர்

காஹாங் தோட்டத்துப் பெரிய துரை, பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் ஏலம் கேட்கும்போது "ரெண்டு கிளாவர்" என்றார். எதிரே அவருக்குக் கூட்டாளியாக உட்கார்ந்திருந்த தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணி சபாபதி, தொண்டை வரை வந்ததை விழுங்கிவிட்டு "பாஸ்" என்றார். அந்த ஒரு ஆட்டத்தில் பக்கத்துத் தோட்டத்தார் பிரிட்ஜ் கோப்பையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர்கள் கார் கிளம்பியதும் துரை கேட்டார். "ரெண்டு கிளாவர்னா என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. கிளாவர் இருக்குன்னு அர்த்தமில்லீங்க, கையில இருக்கிற சீட்டு ரொம்ப பலம்னு அர்த்தம். கூட்டாளி சும்மா இருக்கக் கூடாது. ஒண்ணுமே இல்லாட்டியும் ரெண்டு டைமன்னு சொல்லணும்."

"தெரிஞ்சுமா பாஸ் சொன்ன?"

"துரை சொன்னதுக்கு மேல சொல்லிப் பழக்கமில்லீங்க."

துரை சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். சபாபதி சொன்ன விதி அத்தனையும் அதில் இருந்தது. போன மாதம் துரைக்கு அதைக் கற்றுக்கொடுப்பதற்காகச் சபாபதியே எழுதிய தாள்.

துரை தாளைச் சபாபதி பக்கம் தள்ளினார். பிறகு, "வேற எப்பல்லாம் இப்படிப் பேசாம இருந்திருக்க?" என்றார்.

சபாபதி தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கூலியாளுங்க குடியிருக்கிற லயத்துல காய்ச்சல் பரவினப்போ, கிணத்துத் தண்ணியில ஒரு குத்தமும் இல்லைன்னு துரை சொன்னீங்க. அப்பவும் தெரியுமுங்க."