சிக்கனச் செம்மலின் கை

ஐப்பசி பிறந்ததும் குன்னூரில் எல்லோரும் குளிர்கால மின்வெட்டுக்கு வீட்டைத் தயார்செய்தார்கள். சபாபதி வாத்தியார் வெறும் கிரைண்டரை ஓடவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

போன வருடம் அவர் பார்த்துப் பார்த்து மின்சாரத்தைச் சேமித்தார். மின்வாரியம் பொன்னாடை போர்த்தி ‘சிக்கனச் செம்மல்’ பட்டம் கொடுத்தது. அவரவர் செலவைப் பார்த்து வெட்டு நேரம் குறிக்கும் மீட்டரோ, இவருக்கு மின்சாரமே தேவையில்லை என்று முடிவுகட்டி, குளிர்காலம் முழுக்கத் தினமும் பத்து மணி நேரம் வெட்டியது. மனைவி வேதவல்லியின் ஆக்சிஜன் மெஷினுக்கு பேட்டரி எட்டு மணி நேரம்தான். மீதி இரண்டு மணி நேரம் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டு எட்வின் கீசரை அணைச்சதே இல்ல. அவனுக்கு ஒரு மணி நேரந்தான் கட்டு," என்றாள்.

"பிழைக்கத் தெரிஞ்சவன்."

சுவரில் மீட்டர் கனைத்தது. "செம்மலே, இந்த ஆண்டு உங்களுக்கு ஏழு மணி நேர வெட்டு."

"ஏழா? அப்ப தாங்கிடுவேங்க," என்றாள் வேதவல்லி.

வாத்தியார் நிம்மதியாக எழுந்தார். கிரைண்டரை நிறுத்தினார், மின்விசிறியை நிறுத்தினார், விளக்கையும் அணைத்தார்.

"நன்றி, செம்மலே! உங்கள் தேவை குறைந்துவிட்டது. ஒன்பது மணி நேரம்."

"பட்டம் வாங்குன கை சும்மா இருக்குமா?" என்று முனகிய வேதவல்லி, மூச்சு வாங்க எழுந்துபோய்க் கிரைண்டரை மறுபடி போட்டாள்.