சாமான்களோடு வீடு

அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல். வீட்டைச் சாமான்களோடு வாடகைக்கு விட்டுவிட்டுப் போகவேண்டும். விளம்பரத்துக்காகக் கேமராக்காரப் பெண் காலையிலிருந்து மூலை முடுக்கெல்லாம் நானூறு படம் எடுத்தாள். அத்தனையையும் கம்ப்யூட்டர் கோத்து, சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மாதிரி முப்பரிமாண வீடாக்கித் தருமாம்.

"நாங்க வெளிய போயிடணுமா?"

"வேண்டாங்க்கா, நீங்க உங்க வேலையைப் பாருங்க."

பார்த்தாள். பெருக்கினாள், துவைத்தாள், சமைத்தாள், பெட்டி கட்டினாள். சோபாவில் இருந்த கணவருக்கு மூன்று தடவை டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். இடுப்பு ஒடிந்துவிட்டது.

மாலையில் திரையில் வீடு சுழன்றது. சோபாவில் கணவர், சட்டைச் சுருக்கம் உட்பட அச்சு அசலாக இருந்தார். அவளைத்தான் எங்கேயும் காணோம்.

கணவர் சிரித்தார். "என்னடி, நான் இருக்கேன், நீ இல்ல? நாள் பூரா எங்க போய்த் தொலைஞ்ச?"

கேமராக்காரப் பெண் தயங்கினாள். "அது வந்து சார்... படத்துக்குப் படம் இடம் மாறுறதைக் கம்ப்யூட்டர் அழிச்சிடும். ஒரே இடத்துல கிடக்கறதை மட்டும்தான் சாமான்னு எடுத்துக்கும்."

மனைவி அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தாள்.

"சரியாத்தாம்மா எடுத்திருக்கு. வீட்டோட விட்டுட்டுப் போற சாமான் லிஸ்ட்ல இதையும் சேர்த்துக்க."