ஒரே தவறுக்கு இரண்டு முறை

"இந்தப் பையனுக்குப் பாஸ் போடவே கூடாது" என்றார் நெனித்தா மேம், மூன்றாவது முறையாக.

"பேரைத்தான் மறைச்சிருக்கோமே மேம், பையன்னு எப்படித் தெரியும்?" என்று இளம் ஆசிரியன் ஜோவன் சிரித்தான். அவர் விடைத்தாளைக் கவிழ்த்து வைத்தார்.

இலோயிலோ என்ற துறைமுக நகரில், ஒரு பல்கலைக்கழகத்தின் கப்பல்துறை ஆசிரியர்கள் அவ்வப்போது இப்படிக் கூடுவார்கள். ஒரே தாளைத் தனித்தனியே திருத்தி, யார் கை இறுகியது, யார் கை தளர்ந்தது என்று பேசிக் கற்றுக்கொள்வார்கள். இன்று வந்திருந்தது, தேறுவதா தோற்பதா என்று விளிம்பில் நின்ற ஒரு தாள். இங்கே எடுப்பதுதான் இறுதி முடிவு.

கூட்டத்தை நடத்திய பலோமாருக்குத் திகைப்பாக இருந்தது. தொடக்கத்தில் விழுந்த ஒரு சின்னப் பிழை, அடுத்த கணக்கிலும் தொடர்ந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு தவறுக்கு ஒரு முறைதான் மதிப்பெண் குறைக்க வேண்டும் என்று சண்டை போட்டு விதி கொண்டுவந்தவரே நெனித்தாதான். அவரா இன்று இரண்டு முறை குறைக்கச் சொல்கிறார்?

பலோமார் அதைச் சொன்னதும், "நடுக்கடல்ல போய் விதி பேச முடியுமா, சார்?" என்றார் நெனித்தா. அவர் தட்டில் பிபிங்கா என்ற அரிசிப் பணியாரம் தொடப்படாமல் ஆறிக் கிடந்தது.

கருத்துக் கேட்டார்கள். நெனித்தாவைத் தவிர எல்லோரும் தேர்ச்சி என்றார்கள். பலோமார் பட்டியலில் மதிப்பெண்ணை எழுதப் போனபோது நெனித்தா எட்டிப் பேனாவைப் பிடித்துக்கொண்டார். இன்னும் ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் நிறுத்தி வையுங்கள் என்று கெஞ்சினார்.

பலோமார் மெல்லப் பேனாவை விடுவித்து எழுதி முடித்தார். மற்றவர்கள் தலைகுனிந்தபடி ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நெனித்தா மட்டும் எழவில்லை.

பலோமாருக்குக் கோபம் வந்தது. "தேறினா அடுத்த மாசம் கப்பல் ஏறப் போற பிள்ளை. அந்தப் பிள்ளையோட வாழ்க்கையைக் கெடுக்கணும்னு உங்களுக்கு என்ன மேம் அவ்வளவு வெறி?"

நெனித்தா கவிழ்ந்து கிடந்த தாளைத் திருப்பி, அந்தக் கையெழுத்தை விரலால் தடவினார்.

"என் பையன் சார் அவன். அவங்க அப்பா ஏறின கப்பலே இன்னும் கரைக்கு வரலை."