மூன்றாம் மாடி ஊழியம்

"நாளையிலேர்ந்து நீங்க எந்த வேலைக்கும் வர வேண்டாம், டீச்சர்."

அபூனா தாவூத் இப்படிச் சொன்னதும் ஓடெத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

ஷுப்ரா பேட்டையில் அந்தக் கோயிலில் அவள் கை படாத வேலை கிடையாது. ஞாயிறு பள்ளி, பாடகர் குழு, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்ப்பது, ஏழை வீடுகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுவது, எல்லாவற்றுக்கும் ஓடெத் தான். எதிரே உட்கார்ந்திருக்கும் இந்தக் குருவானவருக்கே சின்ன வயதில் ஜெபம் சொல்லிக்கொடுத்தவள். அவர் தாடி வளர்த்து, குருப்பட்டம் வாங்கி 'அபூனா' ஆனது போன வருஷம்தான்.

"ஜெபம் பண்ணக்கூட நேரமில்லைன்னு உங்ககிட்ட வாய்விட்டுச் சொன்னேன். அதுக்கா தண்டனை, அபூனா?"

"தண்டனை இல்ல டீச்சர். ஈஸ்டர் வந்து பெரிய நோன்பு முடியறவரைக்கும் எல்லாத்தையும் இறக்கி வைங்க. ஒரே ஒரு ஊழியம் போதும். உங்க கட்டடத்துல மூணாவது மாடியில நர்கிஸ் அக்கா இருக்காங்கல்ல? தினம் சாயந்திரம் போய் அவங்களோட ஒரு டீ குடிங்க."

"டீயா?"

"டீதான். பிரசங்கம் வேண்டாம். போனை வீட்டுலயே வச்சுட்டுப் போங்க."

கோயில் சமையல்கட்டில் அன்றைக்கு இதே பேச்சுதான்.

"பாடம் சொல்லிக்கொடுத்தவளையே வெளியே அனுப்பிட்டாரே!" என்றாள் கூடப் பொட்டலம் கட்டும் சமீரா. "நேத்து முளைச்ச தாடி! அதுவும் யார்கிட்ட அனுப்பறாரு? அந்த வாயாடி நர்கிஸ்கிட்ட."

ஓடெத் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பஸ் விபத்தில் இடுப்பு உடைந்ததிலிருந்து நர்கிஸ் மாடியை விட்டு இறங்கியதில்லை. அந்தக் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. பூசைக்கும் வர முடியாது. தனிக்கட்டை. ஆண்டவருக்காகப் பொறுத்துக்கொள்வோம் என்று ஓடெத் கதவைத் தட்டினாள்.

இரும்பு நடைச்சட்டத்தைப் பிடித்து நகர்ந்து நகர்ந்து வந்து கதவைத் திறந்தாள் நர்கிஸ்.

"வா, வா. கோயிலைத் தூக்கி நிறுத்துற தூணே வந்திருக்கு. கூரை பத்திரமா இருக்கா?"

முதல் நாளே இந்தக் குத்தல். ஓடெத் பல்லைக் கடித்துக்கொண்டு, கைப்பையிலிருந்து வேதாகமத்தை எடுத்தாள்.

"ஒரு சங்கீதம் வாசிக்கட்டுமா, அக்கா?"

"டீ ஆறுது. முதல்ல குடி."

"நீங்க ஏன் இந்த இடுப்பை வச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போறீங்க? நான் போட மாட்டேனா?"

"என் வீட்ல நான்தான் போடுவேன். நீ அந்த நாற்காலியை விட்டு எழுந்தே, கோபம் வந்துடும் எனக்கு."

முதல் வாரம் ஓடெத்துக்கு நரகம்தான். கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருக்கும். பாடகர் குழுவில் யார் சுருதி தப்புகிறார்களோ, பொட்டலத்தில் உப்பு போட மறந்தார்களோ என்று மனசு பறக்கும். நர்கிஸ் தன் பாட்டுக்குப் பட்டாணி உரித்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரனின் புறாக்களைத் திட்டிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் சாயந்திரம் பேச்சோடு பேச்சாக நர்கிஸ் கேட்டாள்.

"உன் வீட்டுக்காரர் ரம்ஸி ராத்திரி என்ன சாப்பிடுவாரு?"

ஓடெத்துக்குத் தெரியவில்லை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடுவாள். அவர் சட்டியிலிருந்தே நின்றபடி சாப்பிடுவார் என்று தெரியும். என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்டு எத்தனை காலம் ஆச்சு?

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நர்கிஸ் இன்னொரு டம்ளர் டீயை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள்.

அன்றைக்கு இரண்டு பேரும் வெகுநேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனத்தில் ஓடெத் தன்னையறியாமல் ஜெபித்துக்கொண்டிருந்தாள். எதையும் கேட்கவில்லை. ஆண்டவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போனதும் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். ரம்ஸி பயந்துவிட்டார்.

"உடம்பு ஏதும் சரியில்லையா?"

"உட்காருங்க. சேர்ந்து சாப்பிடலாம்."

நோன்பு முடிந்தது. ஈஸ்டருக்கு மறுநாள் வசந்தப் பண்டிகை; ஊரே பூங்காக்களில் இருந்தது. ஓடெத் பண்டிகைச் சாப்பாடான உப்புமீனும் வெங்காயத்தாளும் வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு வந்தாள்.

"அக்கா, அபூனாகிட்ட சொல்லிட்டேன். இனிமே ஞாயிறு பள்ளி மட்டும்தான் எனக்கு. மத்ததையெல்லாம் சமீராவும் மத்தவங்களும் பிரிச்சுக்கிட்டாங்க. ஆனா உங்களை விட மாட்டேன். யாருமில்லாம தனியா இருக்கீங்க. இந்த ஊழியத்தை நான் தொடர்ந்து செய்யப் போறேன்."

நர்கிஸ் வெங்காயத்தாளை நறுக்குவதை நிறுத்தினாள்.

"யாருமில்லாமலா? என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் அடுத்த தெருவுலதான் இருக்காங்க. தினம் சாயந்திரம் இங்கதான் கூத்தும் கும்மாளமும். நீ சாயந்திரத்துல வீட்ல இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"நான் ஒருநாள்கூடப் பார்க்கலையே?"

"நோன்பு முடியறவரைக்கும் அவங்க எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சேன்."

"ஏன்?"

"அபூனா வந்து கேட்டாரே! 'எனக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஓடி ஓடியே தேஞ்சு போறாங்க. தினம் கொஞ்ச நேரம் அவங்களை உட்கார வைக்கணும், உங்களால முடியுமா அக்கா?'ன்னாரு" என்ற நர்கிஸின் முகம் வெட்கத்தில் சிவந்தது. "இடுப்பு உடைஞ்சப்புறம் என்னை நம்பிக் கோயில்லேர்ந்து கொடுத்த முதல் ஊழியம் நீதான்டி."