கை பட்ட இடம்

விபத்தில் நசுங்கிய காரின், பசையால் ஒட்டிய கூரைத் தகடுகள் ஆய்வுக்கூட மேசையில் வெயில் பட்டுக் கிடக்கின்றன. பசையைச் சோதிக்கும் அக்கா, பிரிந்து வந்த மேல்தகட்டை மெல்லத் திருப்பிப் போடுகிறாள். சுற்றிலும் பசை தன் தடிமனின் நடுவே கிழிந்து, பாதி மேல்தகட்டிலும் பாதி கீழ்த்தகட்டிலும் பற்றியிருக்கிறது. அப்படிக் கிழிந்தால் அது நல்ல ஒட்டு. ஓரிடத்தில் மட்டும், பிசுக்குப் பட்டது போல, பசை பிடிக்கவே இல்லை. துடைத்து வைத்த பாத்திரமாய்ப் பளபளக்கும் அந்த இடம் ஓர் உள்ளங்கை அளவு, ஐந்து விரலோடு. கார் ஆலையில் அந்தத் தகடுகளைப் பொருத்திய தம்பி எதிரே நிற்கிறான். "கையுறை என்னடா ஆச்சு?" "கிழிஞ்சிருந்துச்சுக்கா. கை வெடிப்புக்கு நீ குடுத்த களிம்பு பூசியிருந்தேன்." தகட்டைப் பார்த்தபடி, "வண்டில வந்தவங்க?" என்கிறான். அவள் மேசை விளிம்பைப் பிடித்திருக்கும் அவன் கையையே பார்க்கிறாள். வெடிப்பெல்லாம் நன்றாக ஆறியிருக்கிறது.